பேட்டரிக்கு வைத்த பொட்டு

பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட நான் எழுத வந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நினைக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

மகளுக்குக் கம்ப்யூட்டரிலேயே வேலைக்கான இன்டர்வியூ வைத்திருந்தார்கள். செஞ்சியில் எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போயிருந்ததால், கரண்ட் போன உடனே கம்ப்யூட்டரும் அணைந்துவிடும். அதனால் முந்தின நாளே புது பேட்டரி வாங்கிவந்து நானே மாற்றினேன். அப்படியும் யுபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது.

முகம் தெரியாதவர்களிடம் போனில் பேச எனக்குக் கூச்சம். மகள் யுபிஎஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் கையில் திணித்துவிட்டாள்.

"ஒயர் மாட்டுற ரெண்டு முனையும் சுத்தமா இருக்கா சார்?" என்று ஒரு பெண் கேட்டார். நான் போனை மகள் பக்கம் நீட்டினேன்.

மகள் பேட்டரியை எட்டிப் பார்த்தாள். "இன்னா நைனா இது? மேடம், எங்க நைனா ரெண்டு முனைக்கும் சந்தனம் குங்குமம் வச்சிருக்காரு."

புதுப் பொருள் எது வந்தாலும் எங்கள் வீட்டில் பொட்டு வைத்துவிட்டுத்தான் தொடுவோம்.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்க வீட்லயும் வைப்போம் சார். ஆனா முனையில வேணாம், நெத்தியில வைங்க" என்றார்.

"பேட்டரிக்கு நெத்தி எங்கம்மா இருக்குது?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். அதன்பிறகு மூன்று பேராலும் அடக்க முடியவில்லை.

சுவிட்சை அணைத்து, காய்ந்த சந்தனத்தைத் துடைத்து, ஒயரை மறுபடி மாட்டினேன். சத்தம் நின்றது.

மறுநாள் இன்டர்வியூ நடுவில் கரண்ட் போனது. கம்ப்யூட்டர் அணையவில்லை.