சுடலைமுத்துவின் மைதானம்

தக்காளியைக் கையில் எடுத்தால் தொடையில் நாலு தேய் தேய்க்காமல் சுடலைமுத்து பைக்குள் போடமாட்டார். எலுமிச்சை, வெங்காயம், வேப்பனப்பள்ளி மாங்காய் என்று உருண்டையாக எது கிடைத்தாலும் இதே கதிதான். அவருடைய பேண்ட்டுகளில் வலது தொடை மட்டும் வெளுத்திருக்கும். துவைப்பவள் மனைவி பார்வதி.

"அண்ணா, அது பழம். கிரிக்கெட் பாலு இல்ல. நசுங்கினா நீதான் எடுத்துக்கணும்" என்பார், பேரிகையிலிருந்து தக்காளி கொண்டுவந்து விற்கும் சரோஜம்மாள்.

"ஷைன் பாக்கேன்மா. ஒரு பக்கம் பளபளப்பு இருந்தாத்தான் ஸ்விங் ஆகும்."

"கொழம்புல ஸ்விங் ஆகி என்னா பண்ணப் போவுது?"

சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து, சிப்காட் தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். மட்டை பிடித்து அவர் ஆடியதை யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தெருப் பையன்கள் கூப்பிட்டால், "பிட்ச் சரியில்லலே" என்று நழுவிவிடுவார். ஆனால் வாயில் எந்நேரமும் ஆட்டம்தான். சூப்பர்வைசரின் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "கூக்ளி போட்டுட்டான்." மகள் ஸ்வாதி கணக்கில் கோட்டைவிட்டால், "டக் அவுட்." மாமியார் ஊரிலிருந்து வந்து இறங்கினால், "தேர்ட் அம்பயர் வந்தாச்சு." ஒருவன் எதற்கும் ஆகமாட்டான் என்று தீர்த்துவிட்டாரென்றால் அதற்கும் ஒரு சொல் உண்டு. "அவனா? பன்னெண்டாவது ஆளுலா! ஆடுதவனுக்குத் தண்ணி தூக்கத்தான் லாயக்கு."

இந்தப் பேச்சு ஜலதோஷம் மாதிரி ஒட்டிக்கொண்டது. டீக்கடை சென்னகிருஷ்ணன் வீட்டில் தெலுங்கும் கடையில் கன்னடமும் தமிழும் பேசுகிறவர். பால் தீருகிற நேரம் மூன்றிலும் "லாஸ்ட் ஓவர்" ஆயிற்று. பாதி விலைக்குக் கேட்கிறவர்களை சரோஜம்மாள், "நோ பாலு போடாத, போ" என்று விரட்டினார். 2006 உள்ளாட்சித் தேர்தலில் பழைய கவுன்சிலரே ஆட்டோ மைக்கில், "எதிரணி டெபாசிட் இழந்து பெவிலியன் திரும்பும்" என்று முழங்கினார். சுடலைமுத்துவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "நம்ம சரக்குலா அது!"

அந்தத் தேர்தலில் அவரே நிற்பதாகத்தான் இருந்தது. கண்ணாடி முன்னால் கும்பிட்டுக்கூடப் பழகியிருந்தார். அப்போதுதான் அவர்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மறுநாள் பார்வதி பெயரில் மனுக் கொடுத்தார். கேட்டது மட்டைச் சின்னம், கிடைத்தது சீப்பு.

"பார்வதி நம்ம நைட் வாட்ச்மேன்" என்று டீக்கடையில் விளக்கினார். "வெளிச்சம் மங்குத நேரத்துல நல்ல பேட்ஸ்மேனை இறக்கமாட்டான். பதிலா ஒரு சின்ன ஆளை அனுப்பிக் காப்பாத்திக்கிடுவான். சின்ன ஆளு சும்மா நின்னாப் போதும். ஆட்டம் நம்மளது."

வீட்டில் பார்வதி இட்லி மாவைக் கலக்கிக்கொண்டே கேட்டாள். "விடிஞ்சதும் அந்தச் சின்ன ஆளை வெளிய கூப்பிட்டுக்கிடுவாகளா?"

"அது எப்பிடிட்டி? அவுட் ஆகுத வரைக்கும் அவன்தான் ஆடணும்."

"சரி" என்று மாவை மூடி வைத்தாள்.

ஓட்டுக் கேட்ட வீடுகளில் பேசியதெல்லாம் சுடலைமுத்து. பார்வதி கேட்டுக்கொண்டு நின்றாள். கம்பெனி பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து தெரு முனை வரை விளக்கு கிடையாது. செகண்ட் ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அப்படி ஓடியதில் ஜோதிமணி என்ற பெண் பள்ளத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டிருந்தாள். "முதக் கூட்டத்துலயே கேக்கேன்" என்று பார்வதி அவளிடம் மெதுவாகச் சொன்னாள். அதற்குள் சுடலைமுத்து அடுத்த வீட்டு வாசலில் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

சீப்பு ஜெயித்தது.

நகராட்சியின் முதல் கூட்டத்தன்று காலையிலேயே அவர் பாடம் எடுத்தார். "வாயத் தொறக்காத. தலைவர் கொண்டுவர்ற தீர்மானத்துக்கெல்லாம் கையத் தூக்கு. லைட்டு கீட்டுன்னு அவரைப் பகைச்சுக்கிட்டா அடுத்த தடவ எனக்கு சீட்டு வாங்கித் தரமாட்டாரு. கட்டை போடு, அவுட் ஆகாம நின்னாப் போதும்."

கூட்ட அரங்கின் வாசலில் ஊழியர் மறித்தார். "மெம்பருங்க மட்டும்தாங்க."

"நான் மெம்பரோட வீட்டுக்காரரு."

"அவங்கெல்லாம் அந்த பெஞ்சுல இருக்காங்க பாருங்க."

வெள்ளைச் சட்டையும் பைக்குள் பேனாவுமாகக் கணவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுடலைமுத்து உட்காரவில்லை. ஜன்னலோரம் நின்று, மட்டையை ஊன்றித் தடுப்பதுபோல் மனைவிக்குச் சைகை காட்டினார்.

பார்வதி எழுந்தாள். மேஜை மைக்கைக் கையில் எடுத்தாள். "பஸ் நிக்குத இடத்துல லைட்டு இல்லய்யா."

"உக்காருங்கம்மா. அடுத்த கூட்டத்துல பாக்கலாம்" என்றார் தலைவர்.

"ஒரு பொண்ணு விழுந்து கை ஒடஞ்சு கெடக்கு. அடுத்த கூட்டம் வரைக்கும் செகண்ட் ஷிப்டுக்கு லீவு விடச் சொல்லுதீயளா?"

பின்வரிசையில் ஒரு பெண் உறுப்பினர் மேஜையைத் தட்டினார். இன்னொருவரும் தட்டினார். தலைவர் இன்ஜினீயரைப் பார்த்தார்; இன்ஜினீயர் பேனாவைத் திறந்தார். "எந்த இடம், விவரமா சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தபோது பார்வதிக்கு இருமல் வந்தது. மைக்கை விடாமல் ஜன்னல் பக்கம் திரும்பி, கட்டை விரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள்.

சுடலைமுத்து அவசரமாகத் தோள்பையைத் துழாவினார். தண்ணீர் பாட்டிலை எடுத்து, ஊழியரிடம் ஜாடையில் கெஞ்சி, தலையைக் குனிந்தபடி ஓட்டமும் நடையுமாக உள்ளே போய் மூடியைத் திருகி நீட்டினார். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு அவரைப் பார்க்காமலே பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள் பார்வதி. எத்தனை கம்பம் வேண்டும் என்று இன்ஜினீயருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதே ஓட்டத்தில் அவர் வெளியே வந்தார். பாட்டில் மூடி இன்னும் கையிலேயே இருந்தது. ஜன்னலோரம் நின்று, அதைத் தொடையில் மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினார்.