உப்பு விடாத பீங்கான்

பேய், பிசாசு எண்டு ஆரும் கதைக்கத் தொடங்கினா, "உங்களுக்கு வேற வேலை இல்லையோ" எண்டு எழும்பிப் போற ஆள் நான். நீங்களும் அப்பிடித்தான் எழும்புவீங்கள், எண்டாலும் கேட்டிட்டுப் போங்கோ.

எனக்குப் பழைய பீங்கான் சேர்க்கிற விசர். நீலத்தில பறவை, மரம், ஆறு எண்டு படம் அச்சுப்போட்ட வெள்ளைக்காரற்றை சாப்பாட்டுப் பீங்கான்கள். லிங்கநகரில எங்கட வீட்டு அலுமாரி முழுக்க அதுதான், மனிசிக்குச் சீலை வைக்க இடமில்லை. கிண்ணியாவில கடலட்டை பிடிக்கச் சுழியோடுற நசீர் நானா, பழைய கப்பலொண்டு கடலடியில தாண்டு கிடக்கிற இடத்தில இருந்து ஒருநாள் பாதிப் பீங்கான் கொண்டு வந்தார். அதில மரக்கொப்பில ஒரு பறவை இருந்து, உடைஞ்ச பக்கத்தையே பாத்துக்கொண்டிருக்கு.

"சோடிப் பறவை மற்றப் பாதியில கிடக்கும் தம்பி, கடல் அடங்கட்டும், எடுத்துத் தாறன்" எண்டார்.

கடலில கிடந்த பீங்கானை நல்ல தண்ணியில ஊறப்போட்டு, தண்ணியை மாத்தி மாத்தி உப்பை எடுக்கவேணும், இல்லாட்டி மேல்பூச்சு உரிஞ்சுபோகும். அந்தத் தண்ணியில விரலைத் தொட்டு நக்கிப் பாப்பன். மற்றதெல்லாம் போகப்போக உப்பை விட்டிடும், இது விடேல்லை. கிணத்துத் தண்ணி, குழாய்த் தண்ணி, மழைத்தண்ணி எல்லாம் ஊத்தினன், நம்பினா நம்புங்கோ, விடிய நக்கினா அச்சொட்டாக் கடல்தண்ணி. மனிசியும் நக்கிப் பாத்திட்டுப் பயந்துபோய், "நானாவை இனி அந்த இடத்தில இறங்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ" எண்டாள்.

சொன்னனான். "கடல்ல தொழில் செய்றவன் உப்புக்குப் பயப்படலாமா தம்பி" எண்டு சிரிச்சார்.

அடுத்தநாள் மத்தியானம் விரலை நக்கினன். உப்பே இல்லை. சந்தோசப்படவேண்டிய நான் ஃபோனைத் தேடி ஓடினன். நானாவுக்கு ஃபோன் அடிச்சன், அடிச்சன், அடிச்சுக்கொண்டே இருந்தன். பின்னேரம் அவற்றை தம்பி றியாஸ் எடுத்து அழுதான்.

"நானா மத்தியானம் இறங்கினவர், மேல வரல்ல அண்ணன்."

எல்லாரும் தேடினவை, ஆளும் கிடைக்கேல்லை, உடம்பும் கிடைக்கேல்லை. பீங்கானை நல்லாக் காயவைச்சு அலுமாரியில வைச்சுப் பூட்டினன், எறியப் பயமாயிருந்தது.

நேற்று றியாஸ் வந்தவன். "நானா அங்கதான் கிடப்பார் அண்ணன், நாளைக்கு நான் இறங்கிறன்" எண்டான். கையைப் பிடிச்சுக் கெஞ்சினன், கேக்கிறான் இல்லை. இண்டைக்குக் காலமை அலுமாரியைத் திறந்தா, அந்தப் பீங்கானுக்குக் கீழ பலகை ஈரம். விரலால தொட்டும் பாத்திட்டன்.

நக்கிப் பாக்கத்தான் ஏலாமக் கிடக்கு.