குகன் அண்ணை எறிந்து முடித்த ஒரே ஆட்டம்

செய்தி வந்தபோது நான் ஆக்லாந்தின் புறநகரான கிளென் ஈடனில், மகளின் பாலர் பள்ளி வாசலில் காருக்குள் இருந்தேன். தமிழ்ப் பள்ளிப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பழைய குழந்தைக் கார் இருக்கை ஒன்றின் படத்தைப் போட்டு, வேண்டியவர்கள் எடுக்கலாம் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே குகன் அண்ணையின் மனைவி மாலினி அக்கா எழுதியிருந்தார்: "குகன் இன்று காலை காலமாகிவிட்டார்." அதற்கும் கீழே, ஒரு நிமிடம் கழித்து, வேறொருவர்: "இன்னும் இருக்கா? நாளைக்கு வந்து எடுக்கலாமா?"

கார் இருக்கையைத்தான் கேட்டார், பாவம். இடையில் வந்ததை அவர் பார்க்கவில்லை. நான் அழத் தொடங்கி, நடுவில் சிரித்து, பிறகு சிரித்ததற்காக இன்னும் கொஞ்சம் அழுதேன். குகன் அண்ணை இருந்திருந்தால் அந்த மனிதருக்கு முதல் ஆளாகப் பதில் எழுதியிருப்பார்.

தமிழ்ப் பள்ளியின் இந்த மலரை வாசிக்கும் பலருக்கு அவரைப் பாபகூரா ரயில் நிலையத்தில் சீருடையோடு நின்று, தமிழ் முகத்தைக் கண்டால் "வாங்கோ, ரயில் பிந்தித்தான் வரும்" என்று வரவேற்கும் ஆளாகத்தான் தெரியும். அதற்கு முன்பு பதினெட்டு வருடம் அவர் பேஸ்போல் எறிந்து சம்பளம் வாங்கியவர். ஆறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோவுக்குப் போன பிள்ளை. பொறியியல் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டுப் பந்து எறியப் போனார். மொத்தம் ஒன்பது கழகங்கள். அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில் ஐந்து, மெக்சிகோவில் ஒன்று, தைவானில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் ஒன்று, கடைசியாக ஆக்லாந்து. தொலைக்காட்சியில் காட்டுகிற பெரிய லீக்கில் ஒரு நாள்கூட இல்லை. அவருடைய அம்மா டொராண்டோவில் சொந்தக்காரரிடம், "தம்பிக்கு அடிக்கடி மாற்றம் வாற வேலை" என்று சொல்லி வைத்திருந்தாராம். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

ஆக்லாந்துக் கழகம் அவர் வந்து இரண்டாவது பருவத்தோடு மூடப்பட்டது. "மற்ற எட்டுக் கழகக்காரரும் என்னை மட்டும் வெளியில விட்டவங்கள். இவங்கள்தான் என்னோட சேர்ந்து தாங்களும் வெளியில வந்தவங்கள். அந்த மரியாதைக்காகத்தான் இந்த ஊரில இருந்திட்டன்" என்பார். உண்மையில் இருந்தது தாதியாக வேலை செய்த மாலினி அக்காவுக்காக. அதை அவர் சொல்லமாட்டார், அக்கா சொல்லுவார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அதைப் புரிந்துகொள்ள அவருடைய தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் ஆட்டத்தைத் தொடங்குகிறவர் அல்ல, முடிக்கிறவரும் அல்ல. நடுவில் யாராவது களைத்துப்போனால் வந்து, நாலைந்து பேருக்கு எறிந்துவிட்டுப் போகிறவர். போகிற நேரத்தை அவர் தீர்மானிப்பதில்லை. பயிற்சியாளர் மைதானத்துக்குள் நடந்து வந்து கையை நீட்டுவார். நீட்டிய கையில் பந்தை வைத்துவிட்டு வெளியேற வேண்டும். "ஒரு சொல்லும் கிடையாது தங்கச்சி. கை மட்டும் வரும். பதினெட்டு வருசமா எனக்குக் கனவில வாறது பேய் இல்லை, அந்தக் கை." ஒரு ஆட்டத்தையாவது தானே தொடங்கித் தானே முடிக்க வேண்டும். ஒருவரும் இடையில் வந்து பந்தை வாங்கக் கூடாது. அவ்வளவுதான்.

இதை அறியாத எங்கள் இலங்கைத் தமிழர் கிரிக்கெட் அணித் தலைவர், வருடாந்த ஆட்டத்தில் தமிழ்நாட்டு அணியை மடக்க "காசு வாங்கி எறிஞ்ச ஆள் ஒருத்தர்" கிடைத்திருக்கிறார் என்று இரகசியமாக அவரைச் சேர்த்துக்கொண்டார். முதல் பந்து நிலத்தில் படாமல் துடுப்பாட்டக்காரரின் மூக்குக்கு நேரே போனது. அவர் மட்டையைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். நடுவராக நின்ற செந்தில், தமிழ்நாட்டுக்காரர், கணினித் துறை, மிகவும் பணிவானவர், கையை நீட்டி "நோ பால்" என்றார். அடுத்ததும் நோ பால். அதற்கு அடுத்ததும்.

"சார், கை மடங்குதுங்க."

"மடங்காமல் எப்பிடித் தம்பி எறியிறது?"

"அதான் சார், எறியக் கூடாது."

"அப்ப என்னை ஏன் கூப்பிட்டவை?"

ஏழாவது நோ பாலுக்குப் பிறகு எங்கள் தலைவர் ஓடி வந்து கையை நீட்டினார். குகன் அண்ணை அந்தக் கையை ஒரு கணம் பார்த்தார். பிறகு பந்தை வைத்துவிட்டு என் பக்கமாக வெளியே வந்து, "பத்தாவது கழகம்" என்றார்.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. நான் பயந்த பிறவி. பிள்ளை பிறந்த பிறகு அது இரண்டு மடங்கு. என் தோள்பையில் காய்ச்சல் மருந்து, வெயில் களிம்பு, இரண்டு வெப்பமானிகள் எப்போதும் இருக்கும். ஒன்று பிழையாகக் காட்டினால் மற்றது வேண்டுமே. தமிழ்ப் பள்ளிக் குடும்ப விழாவுக்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர் வேண்டும் என்றபோது குகன் அண்ணைதான் என் பெயரைச் சொன்னார். "இவ எப்பிடியும் பயப்பிடத்தான் போறா. அதைப் பதவியாக் குடுத்தால் எங்களுக்கும் பிரயோசனம்." விழாவின் ஆபத்துகளைப் பட்டியலிடும் படிவத்தில் நான் முப்பத்திநான்கு ஆபத்துகளை எழுதினேன். கண்ணாடிப் போத்தலில் வரும் ஊறுகாயும் அதில் ஒன்று. அவர் வாசித்துவிட்டு முப்பத்தைந்தாவதாகத் தன் கையெழுத்தில் சேர்த்தார்: "பாதுகாப்புப் பொறுப்பாளர்."

அந்த விழாவில்தான் பேஸ்போல் வைத்தோம். கிரிக்கெட் அவமானத்துக்குப் பரிகாரமாக அவர் கேட்டது. மெத்தென்ற பந்து, ஏழு சுற்று, எங்கள் அணிக்கு முதலிலிருந்து கடைசி வரை அவர்தான் எறிவார். அதற்கு முந்தைய வருடம் அவருக்கு இருதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்கிற வலை வைத்திருந்தார்கள். விழாவன்று காலையில் மாலினி அக்கா என்னை உணவு மேசைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். "நாலு சுற்றுக்கு மேல வேண்டாம். நான் சொன்னால் கேக்கமாட்டார். உமக்குப் பதவி இருக்கு, நீர் போய் நிப்பாட்டும்." நான் ஒளிரும் மஞ்சள் மேற்சட்டையோடு தலையாட்டினேன். ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இருப்பது அப்போதுதான் உறைத்தது.

ஆட்டம் எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். பேஸ்போலில் அடித்தவுடன் மட்டையைப் போட்டுவிட்டு வலப்பக்க மூலைக்கு ஓட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது உடம்பில் ஏறவில்லை. செந்தில் பந்தைத் தட்டிவிட்டு, மட்டையோடு, நேராகக் குகன் அண்ணையை நோக்கி ஓடி வந்தார். அவர் காலடியில் மட்டையால் நிலத்தைத் தொட்டுவிட்டு, திரும்பி இரண்டாவது ஓட்டத்துக்கும் ஓடினார்.

"தம்பி, இஞ்ச ஏன் வாறீர்?"

"ரன் எடுக்குறேன் சார்!"

"அங்கால! மட்டையைப் போட்டிட்டு அங்கால ஓடும்!"

"மட்டை இல்லாம எப்படி சார் ரீச் ஆகுறது?"

நான்கு சுற்று முடிந்தது. மாலினி அக்கா என்னைப் பார்த்தார். நான் என் மகளின் தொப்பியைச் சரிசெய்வதுபோலப் பாவனை செய்தேன். ஐந்தாவது சுற்றின் நடுவில் குகன் அண்ணை முழங்காலில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. தண்ணீர்ப் போத்தலையும் மறந்து, வெறுங்கையோடு உள்ளே நடந்தேன். நாடி பார்க்க வேண்டும் என்ற நினைப்பில் போகும்போதே கையை நீட்டிவிட்டேன்.

அவர் நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கிரிக்கெட் மைதானத்தில் கண்டிருக்கிறேன்.

"மாலினி அனுப்பினவவோ?"

"ஓம் அண்ணை. நெஞ்சு நோகுதோ?"

"இல்லை. முழங்கால்."

"உண்மையாகவோ?"

"தங்கச்சி, நெஞ்சு நொந்தால் நானே படுத்திடுவன், நான் என்ன வீரனோ? இது கிழட்டு முழங்கால்." பந்தை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார், யாரோ பிடுங்க வந்ததுபோல. "இன்னும் ரெண்டரைச் சுற்றுத்தான்."

மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. என்றாலும் எனக்கு அது போதவில்லை, எனக்கு எதுதான் போதும்? மைதானம் முழுக்க எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. செந்தில் மட்டையோடு பொறுமையாகக் காத்து நின்றார்.

"சுற்றுக்கு ஒருக்கா வந்து நாடி பார்ப்பன்" என்றேன்.

"பத்துத் தரம் வாரும். பந்தை மட்டும் கேக்காதையும்."

கையை மடக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். மாலினி அக்கா என்னோடு கதைக்கவில்லை.

ஏழு சுற்றும் எறிந்தார். முப்பத்தொன்றுக்கு ஒன்பது என்று தோற்றோம். கடைசிப் பந்தை எறிந்துவிட்டு, வாங்க வருவதற்கு ஆள் இல்லாததால் அந்தப் பந்தை என்ன செய்வது என்று தெரியாமல் நடுவில் நின்றார். பிறகு மைதானத்திலிருந்தே டொராண்டோவுக்கு அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நாங்களும் கேட்டோம்.

"அம்மா, முடிச்சிட்டன்!"

"கடவுளே! படிப்பையோ தம்பி?"

அதன் பிறகு எட்டு மாதம் இருந்தார். வேலைக்குப் புறப்பட்டுச் சப்பாத்துப் போடும்போது இருதயம் நின்றுவிட்டது. அந்த ஆட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று என் குடும்ப வைத்தியரிடம் கேட்டேன். இல்லை என்றார். அடுத்த கிழமை மகளின் இருமலுக்குப் போனபோது மறுபடியும் கேட்டேன். மறுபடியும் இல்லை என்றார்.

அவர் சொன்னது போதாமல் செத்த வீட்டில் மாலினி அக்காவிடமே கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாத இடம், கேட்கக் கூடாத நேரம்.

"அக்கா, நான் அண்டைக்கு நிப்பாட்டியிருக்க வேணுமோ?"

"அண்டைக்கு உம்மை அடிக்க வேணும் போல இருந்தது" என்றார் அக்கா. "பிறகு எட்டு மாசமும் வீட்டில அந்தக் கதைதான். தேத்தண்ணி குடிக்கேக்கை, உடுப்புக் காயப் போடேக்கை, எனக்கே சொல்லுவார். அஞ்சாம் சுற்றில ஒரு பிள்ளை வந்தவள், வந்திட்டுப் பந்தை வாங்காமல் போனவள் எண்டு. நானும் அங்கதானே நிண்டு பார்த்தனான் எண்டால், 'நீர் நிண்ட இடத்திலயிருந்து வடிவாத் தெரிஞ்சிராது' எண்டு திரும்ப முதல்லயிருந்து தொடங்குவார்." அழுதுகொண்டே சிரித்தார். "நீர் நிப்பாட்டியிருந்தால் எனக்கு அந்த எட்டு மாசமும் என்ன கதை சொல்லியிருப்பார்?"

அவருடைய சட்டையோ பந்தோ என்னிடம் இல்லை, அவையெல்லாம் அக்காவிடம் இருக்கின்றன, அங்கேதான் இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது அவரை மைதான நடுவில் விட்டுவிட்டு எல்லைக்கோடு வரை நான் நடந்து வந்த இருபதோ முப்பதோ அடிகள். ஒவ்வொரு அடியிலும் திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. என் பயம் ஒரு துளியும் குறையவில்லை. பயந்துகொண்டேதான் அவரை எறிய விட்டேன். அப்படியும் விடலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.