கடலை நுழையாத வீடு

சின்னவள் கொஞ்ச நாளாகவே இரண்டு கைகளையும் ஏப்ரனுக்குள் சொருகிக்கொண்டுதான் நடமாடினாள். விரல் மடிப்பெல்லாம் வெடித்து, சோப்புத் தண்ணீர் பட்டாலே உயிர் போய் உயிர் வந்தது. எலுமிச்சைச் சாறு பட்டால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால், கேக் அடுப்பு நடத்தும் ஓரகத்தி, "கை ஆறுற வரைக்கும் வீட்ல இரு" என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அந்த அடுப்புச் சூடும் வெண்ணெய் வாசனையும் இல்லாமல் அவளுக்குப் பொழுதே போகாது.

ஒரு காலையில் ஏப்ரனை எடுத்து மாட்டினால், பைக்குள் ஏதோ கனக்கிறது. கையை விட்டுப் பார்த்தாள். சின்னத் தகர டப்பா. உள்ளே மஞ்சளாய்க் களிம்பு. யார் வைத்தது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே வேலை செய்தது இரண்டே பேர். இன்னொருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"கழுவின உடனே, ஈரத்தைத் துடைச்சிட்டுப் போடணும். மறந்துடாத" என்றாள், சல்லடையிடம் சொல்வது மாதிரி.

கையைக் காட்டு என்று கேட்கவில்லை, ஏன் மறைத்தாய் என்றும் கேட்கவில்லை. சின்னவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ஓரகத்தியைத்தான் தெருவே சோப்பம்மா என்று கூப்பிட்டது. பேர் வந்த காரணத்தை அவள் வாசலுக்குப் போனால் தெரிந்துகொள்ளலாம். நிலைப்படிக்கு வெளியே ஒரு குழாய், ஒரு சோப்பு, கொடியில் துண்டு. கையையும் வாயையும் கழுவாமல் ஒருவரும் உள்ளே கால் வைக்க முடியாது. கரண்டு மீட்டர் பார்க்க வந்தவனையே கழுவ வைத்தாள். "அம்மா, நான் மீட்டரைத் தின்ன வரல, பாக்கத்தான் வந்தேன்" என்று அவன் சொல்லிப் பார்த்தான். "பாக்கறதுக்கு முன்னாடி கழுவிக்கப்பா" என்று சோப்பை நீட்டினாள்.

அத்தனை கெடுபிடிக்கும் காரணம் இருந்தது. கடலை, முந்திரி, பாதாம் என்று கொட்டை எதுவும் உடம்புக்கு ஆகாத பிள்ளைகள் ஊருக்குள் இருக்கிறார்கள். ஒரு துணுக்கு உள்ளே போனால் போதும், உதடு வீங்கும், தொண்டை அடைக்கும். சோப்பம்மாவுக்குப் பிறந்த ஒரே மகன் அப்படிப்பட்ட பிள்ளை. யார் வீட்டுப் பிறந்தநாளுக்கோ போனான், கேக் தின்றான், திரும்பி வரவில்லை. கொடுத்தவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுக்கு என்ன தெரியும்? அந்தத் துக்கத்திலேயே அவள் புருஷனும் போய்ச் சேர்ந்தார். அவள் மட்டும் எழுந்து உட்கார்ந்து, இந்த மாதிரிப் பிள்ளைகள் பயமில்லாமல் தின்ன ஒரு கேக்காவது இந்த ஊரில் இருக்கட்டும் என்று வீட்டின் முன்கூடத்தில் அடுப்பை வைத்தாள்.

மாவு மூட்டையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் நார் வரைக்கும் எது வந்தாலும் அதை வாசலிலேயே நிறுத்தி, எங்கே செய்தது, கூட என்ன அரைத்தார்கள் என்று குடைந்து குடைந்து கேட்பாள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போய்விடும். காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன் கண்ணை மூடி நிற்பாள். "ஆண்டவனே, இதைத் தின்கிற பிள்ளை சிரிக்கணும்." அவ்வளவுதான் அவள் வேண்டுதல்.

சின்னவளின் புருஷன்தான் கேக்குகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவன். தங்கமான மனுஷன்தான், ஆனால் வறுத்த கடலை என்றால் உயிரை விடுவான். அதைத் தெருமுனையிலேயே தின்று, வாய் கொப்பளித்து, பின்கட்டில் சட்டையை மாற்றிக்கொண்டுதான் வண்டியைத் தொட வேண்டும். அப்போதும் சோப்பம்மா விடமாட்டாள்.

"தம்பி, எங்க, ஊதுங்க பாப்போம்."

"அண்ணி, ரோட்ல போலீஸ்காரன்கூட என்னை இப்படி நிறுத்தினதில்ல!"

"அவனுக்கு நீங்க தண்ணி போட்டாத்தான் கோவம். எனக்கு நீங்க கடலை போட்டாலே கோவம்."

அவன் ஊதுவான். சின்னவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிடும்.

களிம்பு போட ஆரம்பித்த சில நாளிலேயே அவள் கை ஆறத் தொடங்கியது. அந்தச் சமயத்தில்தான் தபால்காரர் வந்தார். வழக்கம்போலக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர், உட்காரக்கூட இல்லை.

"எம் பொண்ணுக்குப் பிறந்தநாள் வருதும்மா. கடலை வாசனை பட்டாலே தடிச்சிடும் அவளுக்கு. இது வரைக்கும் கேக்கைக் கண்ணாடிக்கு வெளிய நின்னுதான் பாத்திருக்கா. கடையில வச்சிருக்கே, ரோஸ் கலர் பூ, அந்த மாதிரிப் பூ வச்சு வேணுமாம்."

"வச்சுட்டாப் போச்சு" என்றாள் சோப்பம்மா.

பூப்போடுவது சின்னவளின் வேலை. மற்ற எதற்கும் கையுறை உண்டு, பூவுக்கு மட்டும் கிடையாது. சர்க்கரை மாவு உறையில் ஒட்டி இழுத்து இதழைக் கிழித்துவிடும். அதனால் சுத்தமாகக் கழுவிய வெறுங்கையால் செய்யலாம் என்று பெரியவளே சொல்லிவைத்திருந்தாள். அன்றைக்கும் சின்னவள் முழங்கை வரை கழுவினாள். ஈரத்தைத் துடைத்தாள். டப்பாவைத் திறந்து, சொல்லிக்கொடுத்தபடி வெடிப்புகளில் களிம்பைத் தேய்த்தாள். பிறகு உட்கார்ந்து இதழ் இதழாக உருட்டினாள். இவ்வளவு அழகாக அவளுக்குப் பூ அமைந்ததே இல்லை. சோப்பம்மாகூட எட்டிப் பார்த்து, "வண்டு வந்து உக்காந்துடும்டி" என்றாள்.

கேக் போன அன்று மாலை, தபால்காரரின் மைத்துனன் குழாயடியில் நிற்காமல் நேரே உள்ளே வந்தான். மூச்சு வாங்கியது.

"என்னத்தைப் போட்டீங்க அதுல? புள்ள பூவைத்தான் முதல்ல எடுத்துத் தின்னுச்சு. வாயெல்லாம் வீங்கிப் போச்சு. வீட்ல அவசரத்துக்கு வச்சிருந்த ஊசியைப் போட்டுத் தூக்கிட்டு ஓடியிருக்காங்க. என்னத்தைப் போட்டீங்க?"

சோப்பம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கவும் மறந்து, தட்டோடு தெருவில் இறங்கி நடந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தபால்காரர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

"உங்களை நம்பித்தானேம்மா வாங்கினேன்" என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளையின் மூச்சை ஏதோ ஒரு மிஷின் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி சோப்பம்மா நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் சந்தேகம் வண்டிக்காரன் மேல் விழுந்தது. வேறு யார் மேல் விழும்? கடலை என்றாலே அவன்தானே.

"சத்தியமாச் சொல்லுங்க தம்பி. பெட்டியைத் தொறந்தீங்களா?"

"தொறக்கல அண்ணி. இன்னிக்குக் கடலையே வாங்கல."

"வாங்காம இருந்திருப்பாராக்கும்!" என்று சின்னவள் கத்தினாள். "நாக்கு நீளம் இருந்தா இப்படித்தான். ஒரு புள்ளையையே வாரிக் குடுக்கப் பாத்தீங்களே."

கட்டிய பெண்டாட்டி வாயிலிருந்து அது வந்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று. இறங்கிப் போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டான். சாப்பிடக்கூட வரவில்லை.

மறுநாள் சோப்பம்மா அடுப்பை மூட்டவில்லை. மாவைக் கொட்டிப் பார்த்தாள். சர்க்கரை, வெண்ணெய், சாயம், சல்லடை, தூரிகை எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. சின்னவள் பாத்திரங்களைத் தேய்த்து முடித்தாள். பழக்கதோஷத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, ஏப்ரன் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள்.

"இரு" என்றாள் சோப்பம்மா.

டப்பாவை வாங்கி முகர்ந்தாள். மருந்து நெடிதான் அடித்தது. ஆனாலும் அவள் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே மட்டும் போடும் செருப்போடு தெருவில் இறங்கினாள். சின்னவள் பின்னாலேயே ஓடினாள்.

மருந்துக்கடைக்காரர் வாய் நிறையச் சிரித்தார். "வாங்கம்மா. ஆறிடுச்சா? ஆறும். நானே காய்ச்சற மருந்தும்மா அது."

"எதுல காய்ச்சறீங்க?"

"செக்குல ஆட்டின கடலை எண்ணெய்தான். அதுல காய்ச்சினாத்தான் வெடிப்புக்குள்ள இறங்கும்."

சோப்பம்மா "சரி" என்றாள். வாங்கிய பொருளுக்கு விவரம் கேட்டவள் மாதிரி, நிதானமாக, "சரிங்க" என்று இன்னொரு தரமும் சொன்னாள். அவர்மேல் கோபப்பட அவளுக்கு என்ன இருக்கிறது? வாங்கும்போது, "வெடிப்புக்குக் கேக்குமா?" என்று மட்டும்தான் கேட்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். சின்னவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழாயடிக்கு ஓடிப்போய்த் தேய் தேய் என்று தேய்த்தாள். ஆறியிருந்த தோல் மறுபடி பிளந்து தண்ணீர் சிவந்தது.

"நிறுத்துடி" என்று பெரியவள் வந்து குழாயை மூடினாள். "வாய்க்குள்ள போறதைத்தான் பாத்தேன். ஒரு பொட்டலம் விடாம வாசல்ல நிறுத்திக் கேட்டேன். இதை நானே இடுப்புல சொருகிக் கொண்டாந்து உன் பையில வச்சேன். என்னை யாரு வாசல்ல நிறுத்துவா?"

"கை என்னுதுக்கா. தபால்காரர்கிட்ட நான் சொல்லிடறேன்."

"நீ வாயைத் திறக்கக் கூடாது. மருந்து என்னுது."

முதலில் வண்டிக்குப் போனாள். கொழுந்தன் முன்னால் கைகூப்பி நின்று, நடந்ததைச் சொன்னாள். அவன் பதறி இறங்கினான். "விடுங்க அண்ணி. வேணும்னா இப்பவும் ஊதிக் காட்டறேன்" என்றான். சிரிக்க வைக்கத்தான் சொன்னான். மூன்று பேரும் அழுதார்கள்.

கடவுள் கண்ணைத் திறந்தார், பிள்ளை பிழைத்தது. வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் பார்க்கப் போனார்கள். ஒரு பொருளும் எடுத்துப் போகவில்லை. எதை எடுத்துப் போவது?

சோப்பம்மாவைப் பார்த்ததும் பிள்ளை அம்மாவின் பின்னால் ஒளிந்து, இரண்டு உள்ளங்கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது.

"யார் வந்தாலும் இப்படித்தாம்மா" என்றாள் தபால்காரர் மனைவி. "நான் ஊட்டினாக்கூட, முதல்ல நீ தின்னும்மாங்குது. தின்னுட்டு, அம்மா செத்துப் போயிடுவியாங்குது."

சோப்பம்மா நின்றபடியே சொன்னாள். "கடலை எண்ணெயில காய்ச்சின மருந்து என் வீட்டுக்குள்ள வந்துடுச்சுங்க. கொண்டு வந்தது நான்தான். அது கையில ஒட்டிப் பூவுல ஏறிடுச்சு."

"யார் கையில?" என்று கேட்டார் தபால்காரர். அவர் கண் சின்னவளின் கட்டுப்போட்ட விரல்களுக்குப் போயிற்று.

"கை யாருதா இருந்தா என்னங்க? வீடு என்னுது."

அவர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "போய்ட்டு வாங்க" என்றார். மன்னித்தாரா இல்லையா என்று இன்றுவரை சின்னவளுக்குத் தெரியாது.

அதன்பின் அடுப்பு எரியவில்லை. விஷயம் தெரிந்து வராமல் நின்றவர்கள் பாதி. மீதிப் பேர் தேடி வந்தார்கள். வருஷா வருஷம் மகனுக்குக் கேக் வாங்கும் தையல்காரி வாசலிலேயே அழுதாள். "நீங்க மூடிட்டா எங்க புள்ளைங்க எங்கம்மா போவும்? தெரியாம நடந்ததுதானே?"

"என் மகனுக்கும் தெரியாமத்தாம்மா குடுத்தாங்க" என்றாள் சோப்பம்மா.

தையல்காரி பழக்கத்தில் நனைத்துவிட்ட கையைத் துண்டில் துடைத்துவிட்டுப் போனாள்.

"நான் நடத்தறேன்க்கா. கடைசி வரைக்கும் கையுறையைக் கழட்ட மாட்டேன்" என்று சின்னவள் கெஞ்சிப் பார்த்தாள். பெரியவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. காலை வேளையில் மட்டும் ஆறிப்போன அடுப்பின் முன் வழக்கம்போலக் கண்ணை மூடி நிற்பாள். வேண்டுதல் மாறியிருந்தது. "ஆண்டவனே, அந்தப் பிள்ளை வாயிலிருந்து கையை எடுக்கணும்."

பிறகு அண்ணன் வீட்டோடு போய் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அது வேறு ஊர், தூரம். அடுத்த மழைக்காலத்தில் அங்கிருந்து சாவுச் செய்தி வந்தது. தூங்கினவள் எழுந்திருக்கவில்லை என்றார்கள். பாதை வெள்ளத்தில் அடைபட்டு, இவர்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆகையால் சின்னவள் அவளைக் கடைசியாகப் பார்த்தது, அவள் அண்ணன் ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில்தான்.

வண்டிக்காரன் பெட்டியை மேலே ஏற்றப் போயிருந்தான். சோப்பம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் யாரோ பக்கத்திலேயே கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். தொலி காற்றில் பறந்து வந்து அவள் மடியில் விழுந்தது. அவள் தட்டிவிடவில்லை.

ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டிச் சின்னவளின் கைகளைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்குத் தேய்த்த தேய்ப்பில் பிளந்தவை இன்னும் சரியாக மூடவில்லை. ஒவ்வொரு வெடிப்பையும் விரலால் தடவினாள். பஸ் உறுமியது.

"இனிமே ரொம்பக் கழுவாதடி" என்றாள். "வலிக்கும்."