கழுவுவதா, கேமரா விடுவதா

என் இடது தாடை பத்து வருடமாக டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சத்தம். போன மார்ச்சில் ஒருநாள் அது நின்றுபோனது. தானாகவே சரியாகிவிட்டதாகப் பெருமைப்பட்டேன். மறுநாள் காலை இட்லி வாய்க்குள் நுழையவில்லை. மூட்டு பூட்டிக்கொண்டிருந்தது. ஒன்றரை விரலுக்கு மேல் வாய் திறக்கவில்லை.

அரியலூரில் நான் அறிவியல் வாத்தியார். தினமும் ஐந்து பீரியட் பேசுவதுதான் பிழைப்பு. இரண்டு மாதம் கஞ்சி, மாத்திரை, ஒத்தடம், பல்லுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தகடு. எதற்கும் தாடை அசையவில்லை.

தலைமையாசிரியர் நல்லவர். "முடியலைன்னா சொல்லுங்க சார். ஜூன்லேர்ந்து ஆபீஸ்ல உக்காந்து ரெக்கார்டு பாத்துக்கலாம்" என்றார். அந்த நல்ல மனசைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஜூனில் வகுப்பில்தான் நிற்பேன் என்று முடிவு செய்தேன்.

நான் வாயடைத்துக் கிடப்பதில் மனைவிக்காவது நிம்மதி இருக்கும் என்று நினைத்திருந்தேன். "நீங்க பேசிக்கிட்டே இருந்தப்ப காதுல வாங்காம இருந்துடலாங்க. இப்ப ஒவ்வொரு வார்த்தையையும் கவனிக்க வேண்டியிருக்கு" என்றாள்.

ஒரு வாரம் இணையத்தில் படித்து நோட்டில் குறித்துக்கொண்டேன். ஒரு கட்டுரை, மூட்டைக் கழுவினால் போதும் என்றது. அடுத்தது, மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்த்துச் சரிசெய்வதே மேல் என்றது. கடைசி வரியில் மட்டும் இரண்டும் ஒத்துப்போயின: இன்னும் ஆராய வேண்டும்.

பெரம்பலூரில் தாடை அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மாவிடம் போனேன். எனக்காகப் பேச மனைவியின் தம்பியைக் கூட்டிப்போனேன். அவன் ஜெயங்கொண்டம் பக்கம் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுகிறவன்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "மரத்துப்போக மருந்து போட்டுட்டு, ரெண்டு ஊசி வழியா உப்புத்தண்ணி விட்டு மூட்டைக் கழுவுறது ஒண்ணு. அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். இன்னொண்ணு, மயக்கம் கொடுத்து, சின்ன ஓட்டை வழியா கேமராவ விட்டு, ஒட்டிக்கிட்டு இருக்கறதைப் பாத்துப் பாத்து விடுவிக்கறது. கழுவுனப்புறம் வழுவழுப்பா ஒரு மருந்தும் உள்ள போடலாம். அதுல கூடுதல் பலன் இருக்கும்னு உறுதியா சொல்ல முடியாது."

மைத்துனன் முந்திக்கொண்டான். "கேமராவே விட்டுடுங்க மேடம். உள்ள என்னன்னு பாக்காம கழுவுறது கண்ணக் கட்டிக்கிட்டுப் பண்ற வேலை."

"நீங்க என்ன பண்றீங்க?"

"போர் போடுறேங்க."

"நல்லா ஓடிக்கிட்டிருந்த போர்ல தண்ணி நின்னுபோச்சு. மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

அவன் தலையைச் சொறிந்தான். "கம்ப்ரசர் விட்டுக் கழுவிப் பாப்போம்."

"கேமரா?"

"கழுவியும் வரலைன்னா." என் பக்கம் திரும்பினான். "மாமா, கழுவிக்கலாம்."

என் ஒரு வார ஆராய்ச்சி நோட்டு பைக்குள்ளேயே இருந்தது.

அந்த வாரமே கழுவினார்கள். எழுந்தபோது அற்புதம் எதுவும் நடந்திருக்கவில்லை. இரண்டு விரல் திறந்தது. "என் வேலை பாதிதான். மீதி உங்களுது" என்று டாக்டரம்மா ஒரு கட்டு ஐஸ் குச்சியைக் கொடுத்தார். பற்களுக்கு நடுவே குச்சிகளை அடுக்கி வாயை விரிக்க வேண்டும். முதல் நாள் பதினைந்து. கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு குச்சி கூட்டினேன். கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

பள்ளி திறந்த அன்று காலை பதினெட்டுக் குச்சி. முதல் பீரியட் முடிந்து வெளியே வந்தேன். காதுக்கு முன்னால் விண்விண் என்று தெறித்தது. வராந்தாவில் தலைமையாசிரியர் காத்திருந்தார்.

"எப்படி சார், முடியுதா? ஆபீஸ்ல நாற்காலி போட்டு வெச்சிருக்கேன்."

"இன்னும் நாலு பீரியட் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனேன்.