மேல்வீட்டுத் தாயக்கட்டை

விழுப்புரத்தில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள். எங்களுடையது முதல் மாடி. எங்களுக்கு நேர் மேலே இருக்கும் வீட்டுக்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு பக்கத்துக் கெடார் கிராமத்திலிருந்து ஒரு தம்பதி குடிவந்தார்கள். மகன் வாங்கிப் போட்ட வீடு பூட்டிக் கிடக்க வேண்டாமே என்று வந்தவர்கள். எங்கள் வயதுதான் இருக்கும். வீட்டை மாற்றிக்கொண்டார்களே தவிர தொண்டையை மாற்றிக்கொள்ளவில்லை. மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே, ஒரு வரப்பிலிருந்து இன்னொரு வரப்புக்குக் கூப்பிட்ட அதே குரலில்தான் ஹாலிலிருந்து சமையலறைக்கும் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

போதாக்குறைக்கு ஊரிலிருந்து அம்மிக்கல்லையும் கொண்டுவந்திருந்தார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடிக்கு அதை எப்படி ஏற்றினார்களோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அம்மாள் மிளகாய் அரைக்க உட்கார்ந்தால் எங்கள் வீட்டு மின்விசிறியின் தண்டு லேசாக ஆடும். நாற்காலியைத் தூக்கி வைக்கும் வழக்கமே கிடையாது. இழுப்பதுதான். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒட்டடைக் கம்பை எடுத்து விட்டத்தில் நாலு தட்டு தட்டினேன். இரண்டே நிமிடத்தில் அந்த அம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“கூப்ட்டீங்களாக்கா?”

தட்டினால் திட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நான் என்ன சொல்வது? கொஞ்சம் கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு முறம் நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். கோபத்தோடு அதைப் பிரிட்ஜில் அடைத்து வைத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அம்மிச் சத்தமோ நாற்காலிச் சத்தமோ என்னை அவ்வளவாகப் படுத்தவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சிரிப்பார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆன புருஷனும் பெண்டாட்டியும், வேறு ஆள் யாரும் இல்லாத வீட்டில், எதைப் பார்த்து அப்படிச் சிரிப்பார்கள்? எங்களுக்கும் அதே அளவு ஹால், அதே சமையலறை, அதே டைல்ஸ். எங்கள் வீட்டில் குக்கர் விசில்தான் அதிகம் பேசும்.

என் கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோது கிளியனூர், திண்டிவனம் என்று கூவிக் கூவி, சில்லறைக்குச் சண்டை போட்டு, கிழவிகளோடு வம்பளந்து, நாள் முழுக்கப் பேசிவிட்டு வீட்டுக்கு வருவார். வந்தால் வாயைத் திறக்க மாட்டார். ஓய்வு பெற்றால் எனக்கும் கொஞ்சம் பேச்சு மிஞ்சும் என்று காத்திருந்தேன். ஓய்வும் வந்தது. “ம்”, “சரி”, “காபி இருக்கா” என்ற மூன்று சொற்களில் நாளை ஓட்டிவிடுவார். நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஏழரைக்குப் பஸ் ஏறினால் திரும்ப ஏழு மணி ஆகிவிடும். தினமும் மாலை நடக்கப் போகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். நான் வரும்போது முகம் கழுவித் திருநீறு பூசி உட்கார்ந்திருப்பார். நடை நல்லது என்று நானும் விட்டுவிட்டேன்.

போன மே மாதம் பள்ளிக்கு விடுமுறை. அலுவலகத்தில் எங்களுக்கு மட்டும் மதியம் வரை வேலை. நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். முதல் நாளே, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய கொஞ்ச நேரத்தில், தலைக்கு மேலே புதிதாக ஒரு சத்தம் கேட்டது. டைல்ஸில் பித்தளை உருளும் சத்தம். டங், டங், கடகடகட. பிறகு கூச்சல். தாயக்கட்டை உருட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் மாடிப்படியில் அந்த அம்மாள் எதிரே வந்தாள்.

“இன்னா அண்ணி, இன்னைக்கும் பஸ்ஸு ஜல்தியா கெடைச்சிதா?”

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நாலு படி ஏறிய பிறகுதான் உறைத்தது. இதுவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் அண்ணியானால் என் கணவர் அவளுக்கு அண்ணன் என்று அர்த்தம். என்னைக் கேட்காமல் இந்த உறவு எப்போது முளைத்தது? என் கணவர் எதிர்வீட்டுக்காரர் பெயரைக்கூட ஒழுங்காகத் தெரிந்துகொள்ளாதவர் ஆயிற்றே.

அன்று மாலை அவர் நடக்கக் கிளம்பியதும் நான் சமையலறையில் மிக்ஸியைப் போடவில்லை, குழாயைத் திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று காதைக் கொடுத்துக் கேட்டேன். கட்டை உருண்டது. உடனே ஒரு குரல்.

“வெட்டிட்டேன்டா மாப்ள! கெளம்பு, மொதல்லேர்ந்து வா!”

“யோவ் மச்சான், அழுகுணி ஆட்டம் ஆடுற. கட்டைய தேய்ச்சி உருட்டுயா!”

“நாலு விழுந்திச்சா இல்லியா? தங்கச்சி, நீயே சொல்லும்மா!”

மாப்ள என்றதும் தங்கச்சி என்றதும் என் கணவரின் குரல். பஸ்ஸில் கடைசி சீட் வரைக்கும் எட்டும் அந்தக் குரல். அதன் பின்னாலேயே ஒரு சிரிப்பு வந்தது. மூச்சு வாங்கி, இருமி, திரும்பவும் தொடங்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அணைக்கப் போகவில்லை.

அந்த அம்மாள்மேல் எனக்குச் சந்தேகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்து மச்சான் முறை கொண்டாடிக்கொண்டிருக்கிறான். சந்தேகமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். நாலு பேர் கேட்கச் சண்டை போட்டிருப்பேன். எனக்கு வந்தது பச்சைப் பொறாமை. எனக்குக் கொடுக்காத ஒன்றை மனுஷன் இருபத்திரண்டு படி ஏறிப் போய் யாருக்கோ அள்ளிக் கொடுத்துவிட்டு வருகிறார்.

அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில், மயிலம் தேர்த்திருவிழாக் கடையில் ஒரு ஜோடி தாயக்கட்டை வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு மாலை, “ஒரு ஆட்டம் போடலாமா?” என்று கேட்டார். பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் கட்டை உருட்டினால் குடும்பத்துக்கு ஆகாது, மகாலட்சுமி வாசலோடு திரும்பிவிடுவாள் என்பது என் பிறந்த வீட்டில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. “நல்ல குடும்பத்துல இந்த நேரத்துல கட்டை உருட்டுவாங்களா?” என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்லிவிட்டேன். அவர் திரும்பக் கேட்கவே இல்லை. அந்தக் கட்டைகள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது.

ஆறரைக்கு அவர் வந்தார்.

“எதுவரைக்கும் நடந்தீங்க?” என்று கேட்டேன்.

“ஸ்டேஷன் வரைக்கும்.”

“நல்ல கூட்டமா?”

“ம்.”

தோசையைத் தட்டில் போட்டேன். அவர் தின்றார். இப்போதாவது சொல்வார், சிரித்துக்கொண்டே சொல்வார் என்று இரண்டாவது தோசை வரை பார்த்தேன். சட்னி கேட்டார்.

மறுநாள் நான் செய்த வேலைக்கு எனக்கு மன்னிப்பு கிடையாது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ‘அனைவருக்கும் வணக்கம். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் மேல்மாடியில் தாயம் உருட்டும் சத்தமும் கூச்சலும் பொறுக்க முடியவில்லை. குடும்பங்கள் இருக்கும் இடம். செயலாளர் கவனிக்கவும்.’ எங்கள் வீட்டு எண்ணைக் கீழே போட்டேன். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றறிக்கை எழுதிப் பழகிய கை, பிழையில்லாமல் வந்தது. பத்து நிமிடத்தில் ஏழெட்டுக் கட்டைவிரல்கள் விழுந்தன. பொழுது சாய்ந்து கட்டை உருட்டுவது தப்பு என்பதில் இங்கே யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. செயலாளர் மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்ததாகக் குழுவில் போட்டார்.

என் கணவரும் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பது எழுதும்போது எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் பார்க்க வேண்டும் என்றுதான் எழுதினேன். பார்த்துவிட்டுச் சத்தம் போடுவார், நானும் போடலாம், முப்பது வருடத்துக்கும் சேர்த்துப் பேசித் தீர்த்துவிடலாம் என்று இருந்தேன். அவர் போனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டிவியைப் போட்டார்.

அன்று மாலையே அந்த அம்மாள் ஒரு தூக்கு நிறைய வேகவைத்த மல்லாட்டையோடு வந்தாள். அவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. பொழுதுசாய உருட்டக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். அண்ணன் வந்தா கலகலன்னு இருக்குமேன்னுதான். உங்ககிட்ட சொல்லிக்கினுதான் வர்றாருன்னு நெனைச்சிக்கினு இருந்தேன்.”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் டிவியைப் பார்த்தார். நான் தூக்கை வாங்கிக்கொண்டேன்.

“பரவால்ல. கொஞ்சம் சத்தத்தை மட்டும் பார்த்துக்குங்க” என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு மேல்வீடு அடங்கிவிட்டது. நாற்காலிக் கால்களுக்குத் துணி கட்டினார்கள் என்று பிறகு தெரிந்தது. அம்மிக்குக் கீழே சாக்கை மடித்துப் போட்டார்கள். மாலையில் ஒரு சத்தமும் இல்லை. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அவர் நடக்கவும் போவதில்லை. நாலு மணிக்கு நான் வரும்போது உட்கார்ந்திருந்த இடத்திலேயே ஏழு மணிக்கும் உட்கார்ந்திருப்பார். கோபமாக இருந்தால்கூடச் சமாதானம் செய்யலாம். கோபமே இல்லை. காய் நறுக்கித் தந்தார். துணி மடித்து வைத்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து விட்டத்துக்குக் கீழே அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு மதியம் திண்டிவனம் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்குள் போய்த் தாயக்கட்டை இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் பித்தளைக் கட்டைகள் இரண்டை எடுத்துப் போட்டார். பஸ்ஸில் கைப்பைக்குள் கையை விட்டு அவற்றைப் பிடித்துக்கொண்டே வந்தேன். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் அவரிடம் என்ன சொல்வது, எப்படிக் கூப்பிடுவது, முதல் தாயம் எனக்கு விழுந்தால் எப்படிக் கத்துவது என்பது வரை யோசித்துவிட்டேன். புதிதாகக் கல்யாணமானவளைப் போல இருந்தது. இந்த வயதில் வெட்கமாகவும் இருந்தது.

பள்ளியிலிருந்து எடுத்துவந்த சாக்பீஸால் ஹால் நடுவில் கட்டம் போட்டேன். எனக்குப் புளியங்கொட்டை, அவருக்குச் சட்டைப் பொத்தான். விளக்கை ஏற்றினேன். ஏற்றிவிட்டு அதற்கு எதிரேயே உட்கார்ந்தேன்.

“இன்னா இது? விளக்கு வெச்சிட்டியே” என்றார் அவர்.

“இருக்கட்டும். உக்காருங்க. ஒரு ஆட்டம் போடலாம்.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

தாயம் ஆடத் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எதிராளியின் காய் நிற்கும் கட்டத்துக்கு நம் காய் போய்ச் சேர்ந்தால் அதை வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் முதலிலிருந்து வர வேண்டும். ஒரு காயையாவது வெட்டாதவர் உள்கட்டத்துக்குள் நுழைய முடியாது. வெளியிலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். உள்ளே போய் நடுக் கட்டத்தைச் சேர்ந்த காய்தான் பழம். வெட்டாமல் ஜெயிக்க வழியே இல்லை.

அன்று நான் ஜெயித்தேன். அவர் காய்களில் மூன்றை வெட்டினேன். ஒவ்வொரு முறையும் “வெட்டிட்டேன்!” என்று கத்திப் பார்த்தேன். அவர் “ம், நல்லா ஆடுற” என்றார். மறுநாளும் நான்தான் ஜெயித்தேன். அதற்கு அடுத்த நாளும். மூன்று நாளும் அவர் என் காய் ஒன்றைக்கூட வெட்டவில்லை. கட்டை சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று முதலில் நினைத்துக்கொண்டேன். என் அதிர்ஷ்டம் என்றும் நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் ஆடுவதுபோல நிதானமாக உருட்டினார், நிதானமாக நகர்த்தினார். மச்சான் என்றோ மாப்ள என்றோ கூப்பிட எங்களுக்கு முறை இல்லை. “நீ போ”, “உன் முறை” என்பதோடு சரி.

நாலாம் நாள் ஒரு முடிவோடு உட்கார்ந்தேன். என் காய் ஒன்றை வேண்டுமென்றே அவர் காய்க்கு நாலு கட்டம் முன்னால் கொண்டுபோய் வெட்டவெளியில் நிறுத்தினேன். அது உள்கட்டத்துக்குள் நுழையப் போகும் காய். அது வெட்டுப்பட்டால் எனக்கு அழுகையே வந்துவிடும். அவருக்கு அது தெரியும்.

அவர் கட்டைகளை உள்ளங்கையில் தேய்த்து உருட்டினார். ஒன்றில் மூன்று புள்ளி, ஒன்றில் ஒரு புள்ளி. மேல்வீட்டில் கத்திக் கத்தி வெட்டினாரே, அதே நாலு.

“வெட்டுங்க” என்றேன்.

அவர் கட்டத்தைப் பார்த்தார்.

“வெட்டுங்கன்றேன் இல்ல?”

“பாவம், அது பழத்துக்குக் கிட்ட வந்துடிச்சி” என்றார். தூரத்தில் இருந்த வேறொரு பொத்தானை எடுத்து நாலு கட்டம் நகர்த்தி வைத்தார். கட்டைகளைப் பொறுக்கி என் கையில் கொடுத்தார்.

“உருட்டு” என்றார்.