துளையில்லாத காது

ஸுஹைராவின் காதில் துளை கிடையாது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் காது குத்திவிடுவார்கள். அவளுக்கு முப்பது வயதாகியும் வெறுங்காதுதான். முக்காட்டுக்குள் இருப்பதால் வெளியாருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு அதன் காரணமும் தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கக்காரர் வெளியேறச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலம்தான் தந்தார்கள். சோனகதெருவில் எங்கள் வீட்டுக்கும் ஸுஹைராவின் உம்மா ஜெஸீமா ராத்தாவின் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான் இருந்தது. ராத்தா மூத்தவன் அஸ்மீரை இடுப்பில் வைத்துக்கொண்டு, சோதனை வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். துவக்கோடு நின்ற ஒருத்தனுக்கு, அவர் தோட்டைக் கழற்றும்வரை பொறுமை இருக்கவில்லை. பிடித்து இழுத்தான். இடது காதுச் சோணை இரண்டாகக் கிழிந்தது. பிள்ளையின் சட்டையெல்லாம் இரத்தம். கத்தினால் பிள்ளை பயந்துவிடும் என்று ராத்தா உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

பிறகு புத்தளத்து அகதி முகாமில், கிடுகுக் கொட்டிலுக்குள் ஸுஹைரா பிறந்தாள். காது குத்த வந்தவளை ராத்தா வாசலோடு திருப்பி அனுப்பினார்.

"இழுத்து அறுக்கிறதுக்கு ஒண்டும் இல்லாமல் அவள் வளரட்டும்."

முகாம் பெண்கள் சும்மா இருப்பார்களா?

"ஜெஸீமா, உது பெடியனோ பெட்டையோ? சொன்னால்தானே பொம்மை குடுக்கிறதோ பந்து குடுக்கிறதோ எண்டு பாக்கலாம்!"

ராத்தாவும் சேர்ந்து சிரிப்பார். அந்தப் பகிடி ஒருநாள் என்னவாகும் என்று அல்லாஹ் ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்கும்.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது அவர்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. அடுக்களைக்குள் வேம்பு முளைத்து நின்றது. அஸ்மீர் இரும்புக்கடை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வீட்டைத் திருத்தினான். நல்ல உழைப்பாளி. ஸுஹைரா வீட்டில் தையல் மெசின் போட்டு அபாயா தைத்தாள். மெசினை மிதித்தபடி வாய்க்குள் முணுமுணுப்பாள். ஏதோ ஓதுகிறாள் என்று நினைத்தேன். கவிதை கட்டுகிறாள் என்று ராத்தாதான் சொன்னார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், கவிதையெல்லாம் எனக்கு எட்டாது என்றிருந்தேன். ஆனால் இது எட்டியது:

உம்மாவின் காதில் ஒரு கிழிசல்.
என் காதில் துளையே இல்லை.
பறிக்க எதையும் பூட்டாமல்
என்னை வளர்த்தெடுத்தாள்.
ஆனாலும் உம்மா,
வலிப்பது என் காதுதான்.

வெளியேற்றத்தை நினைக்கும் ஐப்பசிக் கூட்டத்தில் இதைச் சொன்னாள். ஆண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அஸ்மீர் அதைப் போனில் பிடித்து ஊர் முழுக்க அனுப்பினான். "என்ரை தங்கச்சி! எங்கடை வலியை எப்பிடிச் சொல்லுறாள் பாருங்கோ" என்று கடைக்கு வந்தவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினான்.

அடுத்த ஆண்டு நெல்லியடியில் ஒரு மண்டபத்தில் கவிதை சொல்லக் கூப்பிட்டார்கள். அங்கே வேறொன்று சொன்னாள்:

ஒரு பெண்ணின் பேர் சொல்லித்
துடிக்கிறது என் நெஞ்சு.
அதே நெஞ்சோடுதான்
ஐந்து நேரமும் உன்முன் குனிகிறேன்.
படைத்தவனே, இரண்டையும்
நீதானே வைத்தாய்.

அதையும் யாரோ போனில் பிடித்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் அது சோனகதெருவுக்கு வந்துவிட்டது.

ராத்தா அப்போது படுக்கையில். சிறுநீரகம் பழுதாகிக் கால்கள் வீங்கியிருந்தன. நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். அஸ்மீர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"கடைக்கு முன்னாலை நிண்டு சிரிக்கிறாங்கள். இந்த வீட்டிலை உனக்கு இனி இடமில்லை. ரெண்டு மணித்தியாலம் தாறன். வெளிக்கிடு."

கட்டிலில் இருந்து ராத்தாவின் குரல் வந்தது.

"எத்தினை மணித்தியாலம் எண்டனீ?"

அவன் தலை குனிந்தான். "உம்மா, அது வேறை, இது வேறை."

"ஓம், வேறைதான். அவங்கள் ஆரோ பெத்த பிள்ளையள். நீ நான் பெத்தது."

அவன் அதற்குப் பிறகும் மாறவில்லை. ஸுஹைரா மெசினின் தலையை மட்டும் கழற்றி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். உடுப்பிட்டியில் நாகேஸ்வரி என்ற அம்மா வீட்டில் ஓர் அறை கிடைத்தது. கவிதையில் வரும் அந்தப் பெண் யாரென்று ஸுஹைராவிடம் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மார்க்கத்தில் இதற்கு என்ன இடமென்று எனக்குத் தெரியும். ஸுஹைராவை உலகத்துக்கு அனுப்பியது யாரென்றும் தெரியும். அவளுக்காக நான் துஆ செய்வதை நிறுத்தவில்லை.

எங்கள் தெருவில் பெண் மௌத்தானால் குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். மகள் இருந்தால் முதல் தண்ணீரை மகள் ஊற்றுவது வழக்கம். ராத்தா என் கையைப் பிடித்து முன்னமே சொல்லியிருந்தார்: "மைமூன், எனக்கு முதல் தண்ணி அவள்தான் ஊத்தவேணும். கிழிஞ்ச காதை மெதுவாக் கழுவச் சொல்லு. இப்பவும் கூசுது." இறந்தவரின் வஸிய்யத், அந்தக் கடைசி விருப்பம், சும்மா வார்த்தையல்ல.

ஒரு காலையில் ராத்தா போய்விட்டார். நான் போன் பண்ணினேன். ஸுஹைரா நாகேஸ்வரியம்மாவோடு பஸ் ஏறி வந்தாள். படலையை மறித்துக்கொண்டு அஸ்மீர் நின்றான். வஸிய்யத்தைச் சொன்னேன். கொஞ்சம் இளகினான் என்றுதான் நினைக்கிறேன்.

"உள்ளுக்கு விடுறன் சாச்சி. ஆனால் இவ்வளவு பேருக்கும் முன்னாலை தௌபா செய்து மன்னிப்புக் கேக்கட்டும். அந்தக் கவிதை பொய் எண்டு ஒரு சொல்லுச் சொல்லட்டும். நான் தெருவிலை தலை நிமிரவேணுமல்லோ?"

ஒரு சொல்தான். சொல்லிவிடு மகளே என்று என் மனம் கெஞ்சியது. அவள் அழுது வீங்கிய முகத்தோடு அண்ணனையே பார்த்தாள்.

"உம்மா உள்ளுக்குக் கிடக்கிறா, அஸ்மீர் நானா. அவவுக்குக் கேக்கப் பொய் சொல்லச் சொல்லுறீங்களோ?"

பின்னால் நின்ற மர்சூனா, முன்வீட்டுக்காரி, வாயைத் திறந்தாள். "உவளை விடவே கூடாது. பொம்பிளையளிலை ஆசை வைக்கிறவள் ஆம்பிளைக்குச் சமன். ஒரு பொம்பிளையின்ரை மையித்தை எப்பிடிப் பாக்கலாம்?"

நாலைந்து பேர் 'அதுவும் சரிதான்' என்றார்கள். எந்த மார்க்கக் கிதாபில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. முகாமில் செய்த பகிடி இப்போது சட்டமாகியிருந்தது.

"அப்ப நான் ஆம்பிளையோ?" என்றாள் ஸுஹைரா. "நல்லது. சந்தூக்குக்குத் தோள் குடுக்க விடுங்கோ, மையவாடி மட்டும் தூக்கிக்கொண்டு போறன். இல்லை, பொம்பிளை எண்டால் தண்ணி ஊத்த விடுங்கோ. ரெண்டிலை ஏதாவது ஒண்டைத் தாங்கோ."

மர்சூனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பின்னுக்குப் போனாள்.

"பெத்த பிள்ளையல்லோ, விடுங்கோவன் தம்பி" என்றார் நாகேஸ்வரியம்மா.

"இது எங்கடை ஆக்கள்ரை விசயம் அம்மா. நீங்கள் தலையிடாதேங்கோ."

அவளில்லாமல் நானும் உள்ளே போகமாட்டேன் என்று நின்றேன். அவள்தான் என்னைத் தள்ளிவிட்டாள். "போங்கோ சாச்சி. தெரியாத ஆரும் தேய்ச்சுக் கழுவிப்போடுவினம். காது கவனம்."

முதல் தண்ணீரை நான் ஊற்றினேன். இடது காதுக்கு வந்தபோது துணியை விட்டுவிட்டு விரலால் கழுவினேன். கடைசியாக ஊற்றிய கற்பூரத் தண்ணீர் மதிலின் ஓட்டையால் ஒழுங்கைக்கு ஓடியது. ஸுஹைரா அங்கே குந்தி, அந்த ஓட்டத்தில் உள்ளங்கையை வைத்திருந்தாள் என்று நாகேஸ்வரியம்மா பிறகு சொன்னார். ராத்தாவைச் சுமந்த சந்தூக்கு அவளைத் தாண்டித்தான் போனது. ஆண்கள் கலிமா சொல்லிக்கொண்டு, அவள் நின்ற பக்கம் பார்க்காமல் போனார்கள்.

இந்த ஐப்பசியிலும் கூட்டம் நடந்தது. ஒரு சின்னப்பிள்ளை, காதில் தோடு மினுங்க, மேடையேறிக் காதுக் கவிதையைச் சொன்னாள். "எங்கள் சமூகத்துச் சகோதரி ஒருவர் எழுதியது" என்றார்கள், அவ்வளவுதான். முன்வரிசையில் அஸ்மீர் கண்ணைத் துடைத்தான். நான் வீட்டுக்கு வந்து அவளுக்குப் போன் எடுத்தேன்.

"ஆரின்ரை கவிதையெண்டு சொன்னவை, சாச்சி?"

"ஒருத்தற்றை பேரும் சொல்லேல்லை மகள்."

"அஸ்மீர் நானா?"

"அழுதவன்."

போனுக்குள் மெசின் ஓடும் சத்தம் கேட்டது.

"அதை அவையே வைச்சிருக்கட்டும் சாச்சி. மற்றக் கவிதையை ஒருத்தரும் எடுக்கமாட்டினம். அதிலை என்ரை பேர் இருக்கும்."